எல்லாரும் ஏறுவதைத்தான் கேட்கிறார்கள்

பட்டறையை விட்டு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. முட்டி தேய்ந்துவிட்டது, இனி வண்டிக்கு அடியில் படுத்து எழுந்திருக்கிற வேலையெல்லாம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சரி, நிம்மதியாக வீட்டில் இருக்கலாம் என்று பார்த்தால் போன் விடுவதாக இல்லை. ஊரில் யாராவது ஒருவர் பழைய ஜீப் ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டு கூப்பிட்டபடியே இருக்கிறார். எல்லாரிடமும் ஒரே கேள்விதான். "அண்ணா, இந்த இன்ஜின் அந்த ஜீப்புல உக்காருமா?"

உட்காரும். வெல்டிங் செட்டும் வெட்டுகிற மெஷினும் கையில் இருந்தால் நெல் அரைக்கிற மில் மோட்டாரைக்கூட ஜீப்பில் உட்கார வைக்கலாம். உட்கார வைப்பது ஒரு பெரிய விஷயமே இல்லை என்று நானும் எத்தனை பேரிடம் சொல்வது? சொன்னால் ஏதோ தொழில் ரகசியத்தை மறைக்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

போன வாரம் கடத்தூரிலிருந்து ஒரு மரவள்ளிக் கிழங்கு வியாபாரி கூப்பிட்டார். தாத்தா காலத்து ஜீப்பாம். இன்ஜின் மாற்றுவதற்கு வேண்டியதெல்லாம் இப்போது ஒரே பெட்டியில் வந்துவிடுகிறதாம். தகடு, தாங்கிகள், வயர் கட்டு எல்லாம் அளவெடுத்தபடி தயார். "மூணு நாள் வேலைன்னு போட்டிருக்காங்க சார்" என்றார். மூன்று நாளில் பெட்டியைப் பிரிக்கலாம் என்றேன். தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார். பிறகு, "மல மேல நல்லா இழுக்குங்களா சார்?" என்றார். இழுக்கும் என்றேன். "எறங்கும்போது எப்படி எறங்குவீங்க?" என்று கேட்டேன். "என்ன சார் நீங்க, எறங்கறதுக்கு எதுக்குங்க இன்ஜின்?" என்றார்.

அப்புறம் கூப்பிடுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பாவம், அந்த மனிதர் என்னைத் திமிர் பிடித்தவன் என்று நினைத்திருப்பார். இறங்குவதற்கு எதற்கு இன்ஜின் என்ற இதே வார்த்தையை என்னிடம் ஏற்கனவே ஒருவர் சொல்லியிருக்கிறார் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

நான் தொழில் கற்றதில் சொல்லும்படி ஒன்றும் இல்லை. ஐடிஐயில் ஒரு சான்றிதழ், தருமபுரியில் ஒரு லாரிப் பட்டறையில் நாலு வருஷம் கிரீஸும் வசவும், அதற்குப் பிறகு அரூரில் ஒரே பட்டறையில் முப்பது வருஷம். அந்த முப்பதில் இருபத்திரண்டு வருஷம் ஃபோர்மேன் ராயப்பன் சாருக்குக் கீழே.

ராயப்பன் சார் ராணுவத்தில் வண்டிகள் பழுது பார்க்கும் பிரிவில் இருந்து வந்தவர். கை ஓங்க மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். மற்ற பட்டறைகளில் கோபம் வந்தால் ஸ்பேனர் பறக்கும். இவருக்குக் கோபம் வந்தால் மரியாதை ஏறும். சாதாரண நாளில் நான் முனியன். "முனியா, அந்தப் பதினேழாம் நம்பர் ஸ்பேனர எடு" என்பார். கொஞ்சம் கோபம் என்றால் முனியப்பன். நிஜமாகவே கோபம் வந்துவிட்டால், "வாங்க முனியப்பன் சார், உக்காருங்க" என்று தன் நாற்காலியைத் துடைத்துப் போடுவார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் அன்றைக்குச் சாப்பிட மாட்டான். நான் சர்வீஸில் மூன்று முறை உட்கார்ந்திருக்கிறேன்.

அவரிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. ஒரு வண்டிக்கு ஒரு பக்கம். மேலே சொந்தக்காரர் பெயர், செய்ய வேண்டிய வேலை. கீழே பக்கத்தைப் பாதியாகப் பிரித்து ஒரு கோடு. இடது பக்கம் ஏற்றம், வலது பக்கம் இறக்கம். இன்ஜினைத் தொடுகிற வேலை எதுவாக இருந்தாலும், ஒரு போல்ட்டைக் கழற்றுவதற்கு முன்னால் எங்களில் ஒருவர் அந்த வண்டியில் போய்விட்டு வர வேண்டும். வண்டி தினமும் ஓடுகிற பாதையில், சொந்தக்காரரே ஓட்ட, நாம் பக்கத்தில் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு. "வண்டிய அப்பறம் பாத்துக்கலாம். ஓட்டறவனோட கையையும் காலையும் மொதல்ல பாரு" என்பார். திரும்பி வந்து இரண்டு கட்டத்தையும் நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும்.

இதை நாங்கள் கிண்டல் செய்வோம். கம்பைநல்லூருக்குப் போகிற ரோட்டில் ஏற்றம் எங்கே இருக்கிறது, இறக்கம் எங்கே இருக்கிறது? தட்டு மாதிரி ரோடு. அந்த வண்டிக்கும் இரண்டு கட்டம் உண்டு. இரண்டிலும் "சரி" என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். வருஷக்கணக்கில் எழுதி எழுதி என் கைக்கு அந்தச் சொல் தானாகவே வரப் பழகிவிட்டது.

வெள்ளையன் வந்தது அப்படி ஒரு நாளில்தான். தீர்த்தமலைக்கு அந்தப் பக்கம் ஒரு மலைக் கிராமம், பெயர் வேண்டாம். அங்கே ஆட்களை ஏற்றிக்கொண்டு ஏறுகிற ஒரே வண்டி வெள்ளையனுடைய ஜீப். காலையில் கீழே பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகள், கூலி வேலைக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள். சாயங்காலம் அதே ஆட்கள், கூடவே ரேஷன் மூட்டை. இன்ஜின் கடைசிக் கட்டத்தில் இருந்தது. பின்னால் புகை, அடியில் எண்ணெய். "இது நின்னா எங்க ஊரே நின்னுடுங்க சார்" என்றார். வேறு எதுவும் பேசவில்லை. பேசியதெல்லாம் கூட வந்த அவருடைய மச்சான்.

இந்த மச்சானைப் பற்றி எழுதினால் ரத்தக் கொதிப்பு ஏறும், ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும். ஓசூரில் வேலை பார்க்கிறவர். அடிபட்ட கார் ஒன்றிலிருந்து புது மாதிரி டீசல் இன்ஜின் ஒன்றைப் பிடித்து வைத்திருந்தார். போனில் வீடியோ பார்த்தே முழு மெக்கானிக் ஆகிவிட்டவர். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன் பாறை மேல் ஜீப்பை ஏற்றுகிற வீடியோவை எனக்கு நாலு முறை போட்டுக் காட்டினார். "பாருங்க அண்ணா, சுவத்துல ஏறுது." சுவரில் ஏறி அங்கே அவனுக்கு என்ன வேலை என்று கேட்டேன். ஐந்தாவது முறை போட்டுக் காட்டினார்.

ராயப்பன் சார் என்னைப் பார்த்து, "போயிட்டு வா" என்றார்.

போனேன். பள்ளிக்கூடம் அன்று அரை நாள். ஏழு கொண்டை ஊசி வளைவு. மூன்றாவது வளைவில் ரேடியேட்டர் கொதித்தது. வண்டி நிற்பதற்குள் முன் சீட்டிலிருந்து ஓர் அம்மாள் குதித்து இறங்கிப் பின் சக்கரத்துக்குக் கல் வைத்தார். பொன்னம்மா. கீழே பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவர், தினமும் பிள்ளைகளோடு போய்ப் பிள்ளைகளோடு வருகிறவர். "வெள்ளையனுக்குக் காலு கிளச்சுல, கையி கியருல. கல்லு எங்கிட்ட" என்றார். கேனில் தண்ணீரும் அவரே கொண்டு வருவாராம். நான் வாயை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தேன். எந்த வளைவில் எந்த கியர், எங்கே கிளட்ச் வழுக்குகிறது, எங்கே அரைக் கிளட்ச்சில் நிற்கிறார், எல்லாம் மனதில் குறித்துக்கொண்டேன்.

மேலே போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. வெள்ளையன் வீட்டில் சாமைச் சோறு போட்டார்கள். "நாலு மணிக்கு எறங்கலாங்க சார்" என்றார் அவர். அதற்குள் என் வீட்டுக்காரியிடமிருந்து போன். கம்பைநல்லூரில் அவள் தம்பிக்கு நிச்சயதார்த்தம். மூன்று மணிக்குள் வராவிட்டால் இனி அந்த வாசல் பக்கமே வர வேண்டாம் என்றாள். மேலே இருக்கிற சின்னப் பள்ளிக்கூடத்து வாத்தியார் பைக்கில் கீழே போகத் தயாராக நின்றார். இறங்குவதுதானே என்று நினைத்தேன். ஏறிக்கொண்டு வந்துவிட்டேன். நிச்சயதார்த்தத்துக்கும் தாமதமாகத்தான் போனேன், அங்கேயும் திட்டுத்தான் கிடைத்தது.

மறுநாள் நோட்டில் ஏற்றக் கட்டம் பத்தாமல் ஓரத்திலும் எழுதினேன். அவ்வளவு விவரம். இறக்கக் கட்டத்தில் "சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ராயப்பன் சார் படித்தார். "எறக்கத்துல ஒண்ணும் இல்லியா முனியா?"

"இல்லீங்க சார். எறங்கறதுதானுங்களே."

அவர் நோட்டை மூடி வைத்தார்.

இனி வேலை. இன்ஜின் மாற்றுவது என்றால் பழையதை எடுத்துப் புதியதை வைப்பது என்று நினைக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். புது இன்ஜினும் பழைய கியர் பாக்ஸும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. போல்ட் ஓட்டைகள் ஒத்து வராது. நடுவில் ஒரு தகடு வேண்டும். அந்தத் தகட்டை லேத்தில் கடைய ஒரு நாள் போதும். அது நடுமையத்தில் இருக்கிறதா என்று பார்க்கத்தான் நாலு நாள். இன்ஜின் தண்டின் முனையில் டயல் கேஜ் என்கிற ஊசி மீட்டரைக் கட்டி, தண்டைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். ஊசி பத்துக் கோட்டுக்குள் ஆட வேண்டும். எங்களுக்கு நாற்பது ஆடியது. தகட்டை இந்தப் பக்கம் தட்டினால் அந்தப் பக்கம் முப்பது. மச்சான் பக்கத்தில் நின்று, "அவ்ளோ தூரம் பாக்கணுமாண்ணா, போல்ட்டு ஏறினா போதாதா?" என்றார். போதும், மூன்றாம் மாதம் கியர் பாக்ஸ் பேரிங் சில்லு சில்லாக வந்து விழுந்தாலும் போதும் என்றால் போதும்.

அடுத்தது எண்ணெய்த் தொட்டி. முன் அச்சின் உருண்டை நேராக அதில் வந்து இடித்தது. தொட்டியை வெட்டி, பின்னால் தள்ளி, மறுபடி வெல்டிங் வைத்து, தண்ணீர் ஊற்றி ஒழுகுகிறதா பார்த்து, ஒழுகி, மறுபடி வைத்து, மறுபடி ஒழுகி. உள்ளே எண்ணெய் உறிஞ்சுகிற குழாயையும் அதற்கேற்ப வளைக்க வேண்டும். அந்த வாரம் என் வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. நானும் யாரோடும் பேசவில்லை.

எல்லாம் முடிந்து இன்ஜின் முதல் சாவியிலேயே பிடித்தது. பட்டறையே கை தட்டியது. ஆனால் ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் ஒரு அளவுக்கு மேல் வேகம் ஏறவில்லை. இந்தக் காலத்து இன்ஜினுக்கு மூளை என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதற்குச் சந்தேகம் வந்தால் இன்ஜினை அடக்கி வைத்துவிடும். என்ன சந்தேகம் என்று தெரியாமல் பன்னிரண்டு நாள் வயர்களோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் பார்த்தால், பிரேக் மிதித்தால் அந்தப் பெட்டிக்கு இரண்டு கம்பியில் செய்தி போக வேண்டும். பழைய ஜீப்பின் மிதியில் ஒரு கம்பிதான். இத்தனை நாள் அந்த ஒரு கம்பிக்காக.

"அந்தக் காரோட பிரேக் மிதியையே கொண்டாந்து போட்டுரு" என்றார் ராயப்பன் சார். "பலம் ஏத்திட்டோம். பிரேக்கையும் ஏத்தணும்." அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பழைய ஜீப்பின் பிரேக் வெறும் கால் பலத்தில் பிடிப்பது. நாங்கள் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போட்டு, காரின் மிதியையும் அதோடு சேர்ந்த பூஸ்டர் டப்பாவையும் வைத்தோம். இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் ஒரு சின்ன பம்ப் அந்த டப்பாவிலிருந்து காற்றை உறிஞ்சும். அந்த பலத்தில் காலை லேசாக வைத்தாலே வண்டி நிற்கும். மெத்தை மேல் காலை வைத்த மாதிரி இருந்தது. வெள்ளையன் மிதித்துப் பார்த்து, "இவ்ளோ சொகமா இருக்குதுங்களே" என்றார்.

மணல் மூட்டை ஏற்றி மலையில் ஓட்டிப் பார்த்தோம். ஓட்டியது நான். புது வேலை என்பதால் முதல் ஓட்டம் யார் கையிலும் கொடுப்பதில்லை. மூன்றாவது வளைவில் நிற்கவே இல்லை, இரண்டாவது கியரில் ஏறிப் போய்விட்டது. கல் வைக்கவென்று கூடவே ஏறிய பொன்னம்மா கையில் கல்லை வைத்துக்கொண்டு, இறங்கச் சொல்வார்கள் என்று கடைசி வரை காத்திருந்து, மேலே போனதும் அதை வேலி ஓரம் போட்டுவிட்டார். இரண்டாவது கியரிலேயே இன்ஜினை இழுத்துப் பிடித்து இறங்கினேன். எல்லாம் ஒழுங்காக இருந்தது. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜை போட்டு, மாலையோடு வண்டி மலைக்குப் போனது. மச்சான் வீடியோ எடுத்துப் போட்டார். ஏறுகிற வீடியோ.

மறுநாள் காலை, வெள்ளையன் கையில் முதல் இறக்கம். பிள்ளைகளும் பொன்னம்மாவும் இன்னும் சிலரும் ஜீப்பில். கீழிருந்து எண்ணினால் மூன்றாவது வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. ஒரு பக்கம் மலை மண் சுவர், இன்னொரு பக்கம் எட்டிப் பார்த்தால் புளிய மரங்களின் தலைதான் தெரியும். வெள்ளையன் மண் சுவரில் ஜீப்பை உரசி உரசி நிறுத்தியிருக்கிறார். முன் அச்சு வளைந்துவிட்டது. பொன்னம்மாவுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. ஒரு பிள்ளைக்கு இரண்டு பல் போயிற்று. வெள்ளையனுக்கு நெற்றியில் தையல். அவ்வளவுதான். அவ்வளவோடு போனது.

வண்டியை இழுத்துக்கொண்டு வந்து பட்டறையில் போட்டார்கள். மலையிலிருந்து பெரியவர்கள் ஏழெட்டுப் பேர் கூடவே வந்திருந்தார்கள். நான் இன்ஜினைப் போட்டேன், பிரேக்கை மிதித்தேன். மெத்தை. எண்ணெய்க் கசிவு இல்லை, குழாய் முறிவு இல்லை. நூறு முறை மிதித்தேன். திரும்பி அவர்களைப் பார்த்து, "பிரேக்கு நல்லாத்தான் இருக்குதுங்க" என்றேன்.

நான் செய்த வேலைகளிலேயே மோசமான வேலை அந்த ஒரு வாக்கியம். வெள்ளையன் நெற்றியில் கட்டோடு ஓரமாக நின்றிருந்தார். "கல்லு மாதிரி ஆயிடுச்சுங்க சார், காலு எறங்கவே இல்ல" என்று இரண்டு முறை சொன்னார். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. பெரியவர்களில் ஒருவர், "புது வண்டி இவனுக்குக் கைக்கு அடங்கல. வேற ஆளப் பாக்கணும்" என்றார். இருபது வருஷம் பிள்ளைகளை ஏற்றி இறக்கிய மனிதர். என்னிடம் வந்து, "உங்க வேலையக் கெடுத்துட்டனுங்க சார்" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவால்ல, விடுங்க" என்றேன். பெருந்தன்மை.

ராயப்பன் சார் அன்று சேலம் போயிருந்தார். மறுநாள் வந்ததும் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். இன்ஜினைப் போடவில்லை. சாவி அணைந்தே இருந்தது. பிரேக்கை மிதித்தார். இறங்கியது. விட்டு மிதித்தார். பாதி இறங்கியது. மூன்றாவது முறை கொஞ்சம். நாலாவது முறை மிதி அசையவில்லை. கீழே இறங்கி வெள்ளையனை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். அவர் வந்ததும் ஒரே கேள்வி. "மேல இருந்து எறங்கும்போது சாவிய என்ன பண்ணுவீங்க?"

"அணைச்சிடுவனுங்க" என்றார் வெள்ளையன். ஏதோ மூச்சு விடுவீர்களா என்று கேட்டதுபோல முழித்தார். "நூட்டல்ல விட்டா தானா எறங்கிடுமே. எறங்கறதுக்கு எதுக்குங்க இன்ஜினு? அடிவாரத்துல கியருல போட்டு ஸ்டாட் பண்ணிக்குவனுங்க. எங்கப்பா காலத்துல இருந்து அப்படித்தானுங்க."

இருபது வருஷமாக, மலையில் ஓடிய ஒவ்வொரு நாளும். பழைய பிரேக்குக்கு இன்ஜின் ஓடினாலும் ஒன்று, ஓடாவிட்டாலும் ஒன்று. கால்தான் பலம். நான் போட்டுக் கொடுத்த சுகமான பிரேக்குக்கு இன்ஜின் நின்றால் மூன்று மிதிதான் உயிர். மேலே முதல் வளைவு ஒரு மிதி, இரண்டாவது ஒரு மிதி, மூன்றாவது ஒரு மிதி. அதற்குப் பிறகு அவர் கல்லை மிதித்துக்கொண்டே பிள்ளைகளோடு வந்திருக்கிறார். இந்த பூஸ்டர் விஷயம் எனக்குத் தெரியாதா? பட்டறைக்கு வந்து ஆறு மாதம் ஆனவனுக்குக்கூடத் தெரியும். மலையில் இன்ஜினை அணைத்து ஓட்டுகிறவர்கள் உண்டு என்பதும் தெரியும். இந்த இரண்டையும் சேர்த்து நினைக்க ஒரே ஒரு முறை அவர் பக்கத்தில் உட்கார்ந்து இறங்கியிருந்தால் போதும். சாவிக்குக் கை போவதைப் பார்த்திருப்பேன். அங்கேயே சொல்லியிருப்பேன்.

ராயப்பன் சார் நோட்டை எடுத்து வந்தார். நாற்காலியைத் துடைத்தார். "வாங்க முனியப்பன் சார், உக்காருங்க. இந்தக் கட்டத்துல சரின்னு இருக்குதுங்களே, இது நீங்க எழுதினதுங்களா?"

"ஆமாங்க சார்."

"எறங்கி வந்தீங்களா?"

பைக் வாத்தியார், நிச்சயதார்த்தம் எல்லாம் நாக்கு வரை வந்தது. "இல்லீங்க சார்" என்றேன். திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார்.

அச்சை நிமிர்த்தினோம். சாவி இருக்கும் இடத்தை மாற்றினேன். ஓட்டுகிறவர் கைக்கு எட்டாதபடி டேஷ்போர்டின் இடது கோடியில், முன் சீட்டில் உட்காருகிறவருக்கு நேராக. பிறகு வண்டியோடு நானே மலைக்குப் போனேன். மேலே கோயில் முன்னால் ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளையனுக்குப் பதிலாக யார் ஓட்டுவது என்பதுதான் பேச்சு. வெள்ளையன் தன் ஜீப்பைப் பற்றி நடக்கிற பேச்சில் கடைசி ஆளாக உட்கார்ந்திருந்தார்.

எனக்கு எப்போதும் பேச வராது. நின்றுகொண்டே சொன்னேன். "பிரேக்கு நல்லாருக்குன்னு சொன்னனுங்க. அது பாதிதான். இன்ஜின் நின்னா அந்தப் பிரேக்கு வேலை செய்யாதுங்க. இவரு அணைச்சுட்டுத்தான் எறங்குவாருன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிக்கணும்னுதான் என்னை இங்க அனுப்பினாங்க. நான் கூட எறங்கல, எறங்கின மாதிரி எழுதிட்டேன். பல்லு போனதும் இந்தம்மா கையி ஒடஞ்சதும் என்னாலதானுங்க. வெள்ளையனால இல்ல. அவரு இல்லாம வேற ஆளா இருந்தா அன்னிக்கு எல்லாரும் புளிய மரத்துலதான்."

பொன்னம்மா மாவுக் கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நாளைக்குக் காலைல நீ முன்னால உக்காரு மேஸ்திரி" என்றார். "பிள்ளைங்க பின்னால இருக்கும். வெள்ளையன் ஓட்டட்டும். நீ எறங்கு, பாக்கலாம்."

உட்கார்ந்தேன். பின்னால் பதினோரு பேர். உச்சியில் ரோடு சாய ஆரம்பித்த இடத்தில் வெள்ளையனுடைய இடது கை தானாகப் பழைய சாவி இருந்த இடத்துக்குப் போனது. அங்கே வெறும் தகடுதான் இருந்தது. விரல்கள் அதைத் தடவின. அவர் பேசிக்கொண்டிருந்தார், கை போனது அவருக்கே தெரியவில்லை. நான் என் முன்னால் இருந்த சாவி மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டேன். அடிவாரம் வரை எடுக்கவில்லை.

அந்த வாரம் முழுதும் மேலேயே தங்கினேன். தினமும் முன் சீட். நாலாம் நாள் வெள்ளையன் கை பாதி வழியில் நின்று திரும்பியது. ஆறாம் நாள் போகவில்லை. ஏழாம் நாள் பொன்னம்மா என்னைப் பின்னால் போகச் சொல்லிவிட்டு, "கல்லுதான் போயிடுச்சி, சாவியாவது எங்கிட்ட இருக்கட்டும்" என்று முன்னால் ஏறி உட்கார்ந்து, கட்டுப் போடாத கையால் சாவியை மூடிக்கொண்டார். எனக்கு வேலை முடிந்தது என்று அதற்கு அர்த்தம்.

அரூருக்குத் திரும்பியபோது ராயப்பன் சார் வாசலில் நின்று யாருடைய லாரியையோ பார்த்துக்கொண்டிருந்தார். மேசையில் அந்த நோட்டு, அதே பக்கம் திறந்தபடி, மேலே ஒரு பேனா. என் "சரி" அடிக்கப்படாமல் அப்படியே இருந்தது. அதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை. அதற்குக் கீழே, "போனேன். கூட இறங்கி வரவில்லை" என்று எழுதித் தேதியும் கையெழுத்தும் போட்டேன்.

அவர் வந்து படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை படித்தார். நோட்டை மூடி டிராயரில் வைத்தார்.

"முனியா," என்றார், "ரெண்டு டீ சொல்லு."